குச்சவெளிக்கு இரண்டு கார்கள்

மாமாவின் பென்ஸ் 280 சிஇ, வருடத்தின் பெரும்பகுதியும் திருகோணமலை ஓர்ஸ்ஹில் வீட்டில் படங்கு போர்த்தியே நிற்கும். எரிபொருள் தட்டுப்பாட்டால் கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோல் பெற்ற 2022 ஆம் ஆண்டில் அது வாசலைத் தாண்டவே இல்லை. என்னுடையது, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்படுவதற்கு முன்னர் யப்பானிலிருந்து வந்த சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். பங்குனியில், கடல் அடங்கிக் கிடந்த ஒரு ஞாயிறு காலை, இரண்டையும் குச்சவெளி வரை ஓட்டிச்சென்று அங்கே கைமாற்றிக்கொள்வது என்று புறப்பட்டோம். அத்தை என்னுடன் ஸ்விஃப்ட்டின் பின்னிருக்கையில் ஏறினார். பின்கதவின் பிடி யன்னலோரத் தூணுக்குள் ஒளிந்திருப்பதால் அதைக் கண்டுபிடிக்கவே அவருக்குச் சற்று நேரம் எடுத்தது.

எண்களை மட்டும் பார்த்தால் பென்ஸே பெரியது. அதன் ஆறு சிலிண்டர் இயந்திரம் 2,746 சிசி, வலு 185 குதிரை, ஸ்விஃப்ட்டின் 1.4 லீற்றர் ரேர்போ தருவது 140. ஆனால் ஸ்விஃப்ட்டின் எடை 970 கிலோகிராம்தான், பென்ஸோ ஏறத்தாழ ஒன்றரைத் தொன். உப்புவெளியைக் கடந்து வீதி நேராகியதும் இந்த வித்தியாசம் காலடியிலேயே தெரிந்தது: மூன்றாம் கியரில் சற்று மிதித்த மாத்திரத்தில், முன்னே சென்ற மாமாவின் பின்விளக்குகள் சட்டென நெருங்கிவந்தன. அதே வேளையில், பக்கச்சுவர் தாழ்ந்த 17 அங்குல ரயர்கள் வீதியின் ஒவ்வொரு ஒட்டையும் முதுகெலும்புக்கு அறிவித்தன. நிலாவெளியில் புறாமலைத் தீவு எப்போது தெரிந்தது, எப்போது மறைந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கண் முழுவதும் வீதியில்தான் இருந்தது.

குச்சவெளியில் பென்ஸின் சாவி என் கைக்கு வந்தது. 1977 முதல் 1985 வரை தயாரிக்கப்பட்ட இந்த இரு கதவு வடிவத்துக்காக, நான்கு கதவுக் காரின் முன், பின் சில்லுகளுக்கு இடையிலான தூரத்தை 85 மில்லிமீற்றர் குறைத்து, முன் யன்னலுக்கும் பின் யன்னலுக்கும் இடையிலான தூணையும் அகற்றியிருந்தார்கள். நான்கு கண்ணாடிகளையும் முழுதாக இறக்கிவிட்டால், முன்கண்ணாடியின் ஓரத்திலிருந்து பின்னிருக்கைக்கு அப்பால் வரை குறுக்கே எதுவும் நிற்பதில்லை. வரும்போது துண்டுதுண்டாகத் தெரிந்த கடல், பனைகளுக்கும் உப்பளங்களுக்கும் அப்பால் ஒரே நீளமாய் விரிந்தது. பின்னிருக்கையில் ஏறுவதற்கு முன்னிருக்கையை மடித்து நுழைய வேண்டும் என்று முணுமுணுத்த அத்தை, ஏறிய பின்னர் வாய் திறக்கவில்லை. பெரிய ஸ்ரியரிங் சக்கரம் கொஞ்சம் சோம்பலாகத்தான் திரும்பும். குழிகளை வண்டி தானே விழுங்கிக்கொள்ளும். ஐம்பதுக்கு மேல் போக மனம் வராது. விரைந்து போகக்கூடிய காரில் ஊர்ந்து போவதுதான் சொகுசு என்று அப்போது தோன்றியது, பெற்றோல் விலையை நினைக்காதவரை.

நிலாவெளியில் நிறுத்தி அத்தைக்கு இளநீர் வாங்கினேன். நகருக்குள் மான்கள் வீதியைக் கடக்கும்வரை காத்திருந்தோம். வீட்டுக்கு வந்தபோது மாமா தேநீரையும் குடித்து முடித்துவிட்டு, ஸ்விஃப்ட்டின் சாவியை இன்னும் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"அடுத்த ஞாயிறும் இதை விட்டுட்டுப் போங்கோ, மருமகன்" என்றார்.