ராபர்ட்சனின் ஓட்டம்

உயரம் போதாது என்று ஸ்காட்லாந்து கால்பந்து கிளப்பான செல்டிக்கின் இளையோர் அணி ஆண்டி ராபர்ட்சனை அனுப்பிவிட்டபோது அவருக்கு வயது 15. அப்புறம் குயின்ஸ் பார்க். அப்போது அது சம்பளமே இல்லாத அமெச்சூர் கிளப். செலவுக்காக ஹாம்ப்டன் மைதானத்தில் போன் எடுத்துப் பேசும் வேலையும் பார்த்தார். டண்டீ யுனைடெட், ஹல் சிட்டி வழியாக 2017-ல் லிவர்பூல். சாம்பியன்ஸ் லீக், பிரீமியர் லீக் எல்லாம் வென்றாகிவிட்டது.

எனக்கு அந்தக் கோப்பைகளைவிடப் பெரியது 2018 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக அவர் ஓடிய ஓட்டம். இடது பின்கள ஆட்டக்காரர், பந்து யாரிடம் போனாலும் விடாமல் துரத்தித் துரத்தி, எதிரணி கோல்கீப்பர் வரை போய்விட்டார்!

2025 நவம்பரில் டென்மார்க்கை 4-2 என வீழ்த்தி, 1998-க்குப் பிறகு ஸ்காட்லாந்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. கேப்டன் அவர்தான். அன்று அழுதுவிட்டேன்.