நீர் தனி, பயறு தனி நிற்கக் கூடாது

ஏதென்ஸுக்கு வந்த முதல் ஆறு மாதம், இந்த ஊர்க்காரர்கள் பயறு பருப்பே சாப்பிட மாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். கணவருக்கு பிரேயஸில் கப்பல் கம்பெனி வேலை. வீடு கிப்செலியில், பழைய அடுக்குமாடியின் இரண்டாம் மாடி. தெருவில் இறங்கினால் கண்ணில் படுவதெல்லாம் சுவ்லாக்கி, கீரோஸ், பொரித்த மீன். நான் சைவம். ஒமோனியா பக்கம் மெனாந்த்ரு தெருவில் நம்மூர்ச் சாமான் கிடைக்கும் மளிகைக் கடைகள் உண்டு. அங்கே துவரம்பருப்பும் புளியும் வாங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, திருநெல்வேலியில் இருப்பதுபோலவே சமைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு புதன்கிழமை மதியம் மூன்றாம் மாடிப் பாட்டி வந்து கதவைத் தட்டினார். கையில் ஆழமான தட்டு, மேலே இன்னொரு தட்டு கவிழ்த்து மூடியிருந்தது. "கோரீட்சி மு", என் பெண்ணே என்று கூப்பிட்டு, தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் படியேறிப் போய்விட்டார். திறந்து பார்த்தால் வெள்ளை பீன்ஸ், கேரட், செலரி இலை, இளஞ்சிவப்புக் குழம்பு, மேலே பொன்னிறத்தில் மிதக்கும் ஆலிவ் எண்ணெய். அதுதான் ஃபசோலாடா. தங்கள் தேசிய உணவு எது என்று கேட்டால் இங்கே நிறையப் பேர் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தும் கடைகளில் நான் இதைப் பார்த்ததே இல்லை. பயறு இங்கே வீட்டுக்குள் இருக்கும் சாப்பாடு. ஒரு வீட்டுக்கதவு நமக்குத் திறக்கும்வரை தெரியவே தெரியாது.

நம் வீட்டில் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம் இல்லையா? கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவோம். அன்று மாலை அந்தத் தட்டில் சுண்டல் வைத்து எடுத்துப் போனேன். பாட்டி அதை வாங்கிக்கொண்டு, இங்கேயும் வெறும் தட்டைத் திருப்பித் தர மாட்டோம் என்றார். அப்போது எனக்கு இருந்த அரைகுறை கிரேக்கத்திலும் அது புரிந்தது. அந்தத் தட்டு அப்புறம் நிற்கவே இல்லை.

புதன், வெள்ளி இரண்டும் ஆர்த்தடாக்ஸ் சபையின் விரத நாட்கள். ஈஸ்டருக்கு முன் 40 நாள் தவக்காலம் வேறு. இறைச்சி, பால், முட்டை, மீன் எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட சாப்பாட்டுக்கு 'நிஸ்தீசிமோ' என்று பெயர். இங்கே வரும் சைவர்கள் முதலில் கற்க வேண்டிய சொல் அது. கூடவே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆக்டோபஸ், கணவாய், இறால் எல்லாம் விரதத்துக்கு ஆகும். ஒரு கடையில் நிஸ்தீசிமோ என்று நம்பிக் கேட்டு, தட்டில் கணவாய் வந்து இறங்க, கலங்கிப்போனேன். அதனால் சொல்லைச் சொன்னதோடு நிற்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள்.

ஃபசோலாடாவைப் பாட்டியின் அடுப்பங்கரையில் நின்றுதான் கற்றேன். பீன்ஸ் இரவே ஊற வேண்டும். காலையில் அந்த நீரைக் கொட்டி, புது நீரில் ஒரு கொதி விட்டு, அதையும் கொட்டி, மூன்றாவது நீரில்தான் சமையல் தொடங்கும். வெங்காயம், கேரட், செலரி போகும். தக்காளி மட்டும் போகாது. பாட்டி ஒரு பயறைக் கரண்டியில் எடுத்து, வாயருகே கொண்டுவந்து ஊதுவார். தோல் சுருண்டு எழும்பினால் வெந்துவிட்டது, அப்புறம்தான் தக்காளி. பருப்பு வேகும் முன் புளி விடாதே என்று அம்மா சொல்வதும் இதுதானே. புளிப்பு பட்டால் பயறு விறைத்துவிடும்.

நான் ஊரிலிருந்து கொண்டுவந்த குக்கரில் ஒருமுறை வைத்து எடுத்துப் போனேன். பயறு உடைந்திருந்தது, நீர் மேலே தெளிந்து நின்றது. பாட்டி கரண்டியால் ஒரு சுற்று கிளறிவிட்டு, "ஹிலோமேனி ஆகவில்லை" என்றார். பயறு முழுசாக இருக்க வேண்டும், ஆனால் அதன் மாவு குழம்பில் இறங்கி இரண்டும் ஒன்றாக வேண்டும். நீர் தனி, பயறு தனி நிற்கக் கூடாது. அதற்குத் தேவை சின்னத் தீயும் இரண்டு மணி நேரமும், தாராளமான எண்ணெயும். பாட்டிக்கு மெசீனியாவில் சொந்தக்காரர்களிடமிருந்து 17 கிலோ தகர டின்னில் ஆலிவ் எண்ணெய் வரும். ஊற்றும்போது அளக்கவே மாட்டார். எனக்குத் தாளிக்காமல் இறக்க மனசே வராது. கடுகும் கறிவேப்பிலையும் செய்யும் வேலையை இங்கே எண்ணெயே செய்துவிடுகிறது என்று நாக்கு ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. நம் மொச்சையைவிடப் பெரிதான கீகாண்டெஸ், தக்காளியில் போட்டு ஓவனில் சுட்டது. வடக்கே ஏரிக்கரையில் விளையும் பிரெஸ்பெஸ் பயறுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பே உண்டு. தட்டைப்பயறை வேகவைத்து வெங்காயம், எலுமிச்சை, சோம்பு மணக்கும் கீரை போட்டுக் கலப்பார்கள். தேங்காய் இல்லாத சுண்டல்தான் அது. பெரிய வெள்ளியன்று மைசூர்ப் பருப்பின் தோலோடு கூடிய உறவான 'ஃபக்கேஸ்', எண்ணெய்கூட இல்லாமல் வினிகர் மட்டும் விட்டு. சிலுவையில் ஏசுவுக்குக் கொடுத்த காடியின் நினைவு அது.

ஆனால் என்னை அழவைத்தது சாண்டோரினி ஃபாவா. பெயரைப் பார்த்து அவரைக்காய் வகை என்று நினைத்தேன். இல்லை, நம் கேசரிப் பருப்பின் ஒன்றுவிட்ட உறவான ஒரு செடியின் மஞ்சள் பருப்பு. மசிய வேகவைத்து, நடுவில் குழி செய்து எண்ணெய் ஊற்றி, பச்சை வெங்காயத்தைத் தூவுவார்கள். ஆற ஆற இறுகும். முதல் வாய் வைத்ததும் கண் நிறைந்துவிட்டது. சின்ன வயதில் ஆச்சி பிசைந்து ஊட்டிய பருப்புச் சோறு அப்படியே நாக்கில் வந்து நின்றது, நெய் மட்டும்தான் இல்லை.

இப்போது பாட்டிக்கு மணிக்கட்டில் வலி. நிறைந்த பானையைத் தூக்க முடியவில்லை. தவக்காலம் தொடங்கும் சுத்தத் திங்களன்று, அந்த ஒரு நாள் மட்டும் பேக்கரியில் சுடும் லகானா ரொட்டி வாங்கிக்கொண்டு, என் வீட்டில் வைத்த ஃபசோலாடாவோடு மேலே போனேன். ஜன்னலுக்கு வெளியே எங்கோ பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். பாட்டி ஒரு கரண்டி எடுத்தார், தட்டைச் சாய்த்துக் குழம்பு எப்படி நகர்கிறது என்று பார்த்தார். "ஹிலோமேனி" என்றார். அப்புறம் டின்னைக் காட்டி, இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றச் சொன்னார்.