மில் சக்கரம் சுற்றுவதற்குள் பட்ட பாடு

இங்கிலாந்தில் பழைய நீர்ச்சக்கர மாவு மில் ஒன்றைச் சீரமைக்கும் குழுவில் யாராவது சேர்ந்திருந்தால், தச்சரைத் தேடுவதற்கு முன் கூரையில் வௌவால் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு ஒரு பருவம் முழுக்க வீணானது அதில்தான். நினைத்தால் இப்போதும் வயிற்றெரிச்சல்.

டார்செட்டில் எங்கள் ஊர் மில், பாதுகாக்க வேண்டிய பழங்கட்டடங்களின் பட்டியலில் கிரேடு 2 என்று இருக்கும் கட்டடம். அனுமதி இல்லாமல் அதன் தன்மையை மாற்றினால் கிரிமினல் குற்றம். அழுகிய உத்தரங்களை அதே ஓக் மரத்தில் மாற்றத்தான் திட்டம். கவுன்சிலுக்குப் போன் செய்து கேட்டோம். "இருந்தது போலவே மாற்றுவதென்றால் அனுமதி தேவையில்லை" என்றார் எடுத்தவர். மரத்துக்கு ஆர்டர் கொடுக்கப் போகும் நேரத்தில் அதே அலுவலகத்திலிருந்து இன்னொருவர் கடிதம் போட்டார்: அனுமதி கட்டாயம். முதலில் பேசியவர் சொன்னதற்கு எங்கேயும் பதிவு இல்லை. அதனால் போனில் என்ன சொன்னாலும், அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி உறுதி கேட்டுவிடுங்கள்.

விண்ணப்பித்தோம். கட்டணம் கிடையாது, அது ஒன்றுதான் ஆறுதல். விண்ணப்பம் முறையாக இருக்கிறது என்று ஏற்றுக்கொண்ட பிறகு, அக்டோபரில் கேட்கிறார்கள், வௌவால் ஆய்வு எங்கே என்று. இங்கே வௌவாலுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அவை அந்தியில் கூரையை விட்டுப் பறப்பதை எண்ணும் ஆய்வு மே முதல் செப்டம்பர் வரைதான் நடக்கும். இதை ஆகஸ்டில் சொல்லியிருந்தால் முடித்திருக்கலாம். குளிர்காலம் முழுக்க தார்ப்பாய் போட்டு உட்கார்ந்திருந்தோம். நிதி தர ஒப்புக்கொண்டவர்களிடம் கால அவகாசம் கேட்டுக் கெஞ்ச வேண்டியதாயிற்று.

1086இன் டூம்ஸ்டே கணக்கெடுப்பிலேயே இங்கிலாந்தில் ஏறக்குறைய 6,000 மில்கள் பதிவாகியிருக்கின்றன. 1870களுக்குப் பிறகு துறைமுகங்களில் கல்லுக்குப் பதில் உருளைகளால் அரைக்கும் ஆலைகள் வந்தன, கப்பலில் வந்த கோதுமையை அங்கேயே அரைத்தார்கள், ஊர் மில்கள் ஒவ்வொன்றாக நின்றன. எங்களுடையது கடைசிக் காலத்தில் மாட்டுத் தீவனம் அரைத்துவிட்டு ஓய்ந்தது. இத்தனை காலம் தாக்குப்பிடித்த கட்டடத்தை ஒரு கடிதம் தாமதமானதால் இன்னொரு மழைக்காலம் நனையவிட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வசந்தத்தில் ஆய்வு முடிந்தது, அனுமதி வந்தது, மர வேலையும் நல்லபடியாக நடந்தது.

அடுத்தது ஆற்றுத் தண்ணீர். நாளொன்றுக்கு 20 கன மீட்டருக்கு மேல் தண்ணீர் திருப்பினால், ஆறுகளைக் கவனிக்கும் சுற்றுச்சூழல் முகமையிடம் உரிமம் வாங்க வேண்டும். கேட்க அதிகமாகத் தெரியும். எங்கள் சக்கரம் நொடிக்கு 300 லிட்டர் வாங்கும், அதாவது ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடினாலே அந்த அளவு தாண்டிவிடும். எடுத்த தண்ணீர் முழுவதும் கீழே ஆற்றுக்கே திரும்புகிறது என்ற வாதம் செல்லாது. அதோடு 2009இல் வந்த விலாங்கு விதிகளின்படி வாய்க்கால் முகப்பில் நெருக்கமான சல்லடைத் தடுப்பு கேட்டார்கள். இதில் எனக்குக் கோபம் இல்லை. சர்காசோ கடலில் பிறந்து அட்லாண்டிக்கைக் கடந்து வரும் விலாங்கு, அழிவின் விளிம்பில் இருக்கிறது. ஆனால் மதகு வரைபடத்தைத் தந்த பிறகு சல்லடை பற்றிச் சொன்னால், வரைபடத்துக்கு இரண்டாவது முறை காசு. மதகில் கை வைக்கும் முன்பே ஆற்றுக்காரர்களையும் கவுன்சிலையும் ஒரே நாளில் இடத்துக்கு வரவழைத்துப் பேசுங்கள். மற்ற எதைவிடவும் இது உதவும்.

மில் வேலை தெரிந்த கைவினைஞர்கள் இங்கே விரல்விட்டு எண்ணும் அளவுதான், சீக்கிரமே தேதி வாங்கிவிடுங்கள். எங்களுக்கு வந்தவர் ஒரு பொக்கிஷம். இரும்புப் பல்சக்கரத்தோடு கடிக்கும் பெரிய பல்சக்கரத்துக்கு ஆப்பிள் மரத்தில் பல் செதுக்கினார். இரும்போடு இரும்பு உரசினால் சத்தம் அதிகம், பொறியும் பறக்கும், மாவுத்தூசி நிறைந்த அறையில் அது ஆபத்து. ஏதாவது சிக்கினாலும் ஒரு மரப்பல் உடைவதோடு போய்விடும்.

அரைக்கும் கல் பிரான்ஸின் மார்ன் பள்ளத்தாக்குப் படிகக் கல். துண்டுகளைச் சேர்த்து இரும்புப் பட்டை கட்டியது. அதன் வரிப்பள்ளங்கள் தேய்ந்திருந்தன. நம்மூரில் அம்மி கொத்துவது போலத்தான், உளியை மரப்பிடியில் செருகி, பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டு மணிக்கணக்கில் கொத்த வேண்டும். இரண்டு கல்லுக்கும் நடுவில் இடைவெளி, மையத்தில் தடித்த தாள் அளவு, ஓரத்தில் மெல்லிய தாள் அளவு. முதல் மாவு சூடாக, கருகிய வாடையோடு வந்தது. மேல்கல்லை முடியளவு தூக்கினார். அடுத்துக் கையில் விழுந்த மாவு பட்டு மாதிரி. குழுவில் பாதிப் பேர் அழுதுவிட்டார்கள், நானும்தான்.

மாவை விற்க நினைத்தால் உணவுத் தொழிலாகப் பதிவு செய்ய வேண்டும். இலவசம்தான், ஆனால் தொடங்குவதற்குக் குறைந்தது 28 நாள் முன்பே செய்ய வேண்டும். திறப்பு நாள் நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் அதை முடித்துவிடுங்கள்.