ஆபரேட்டர் அறைச் சுவரில் இருந்த எழுத்து

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழர் மிகுந்த சித்தூர் தாலுகாவில், நெடுநாள் மூடிக்கிடந்த ஒரு திரையரங்கை மீண்டும் திறப்பதற்கான மின்வேலைகள் என் பொறுப்பில் வந்தன. விளக்கு வைத்த பிறகு உள்ளே நிற்க மாட்டோம் என்று துப்புரவுப் பெண்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். கூரையில் யாரோ நடக்கிறார்கள், பால்கனியில் முனகல் கேட்கிறது, ஆபரேட்டர் அறையில் புளித்த காடி வாடை வீசுகிறது, அதன் சுவரில் மந்திரவாதக் களம் வரையப்பட்டிருக்கிறது என்பவை அவர்கள் அடுக்கிய காரணங்கள். எல்லாவற்றையும், அங்கே வேலை பார்த்து, பணியிலிருக்கும்போதே இறந்துபோன ஓர் ஆபரேட்டரின் ஆவி மீது சுமத்தியிருந்தார்கள். அவருடைய குடும்பம் இன்னும் அதே ஊரில் இருக்கிறது. அந்தப் பேச்சு அவர்கள் காதிலும் விழுந்துகொண்டிருக்கும் என்பதே என்னை உறுத்தியது.

கூரையில் நடந்தது மரநாய். எச்சமும் பழக்கொட்டைகளும் பொய்க்கூரைக்கு மேல் குவிந்து கிடந்தன. முனகல் காற்றால் வந்தது. கார்த்திகை பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து பாயும் காற்றை இங்கே விருச்சிகக் காற்று என்பார்கள்; அது பால்கனியின் உடைந்த காற்றுத் துளைகளில் புகும்போதெல்லாம் அந்த ஒலி எழுந்தது. புகைபோக்கி விசிறி ஓடும்போது மட்டும் நெஞ்சுக்குள் ஒரு நடுக்கம் வருவதாக எங்கள் உதவியாளர் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் விக் டாண்டி என்ற பொறியாளர், தம் ஆய்வகத்தில் உணர்ந்த ‘ஆவி’க்கு அங்கே புதிதாகப் பொருத்திய விசிறி எழுப்பிய, ஏறத்தாழ 19 ஹெர்ட்ஸ் அதிர்வே காரணமாக இருக்கலாம் என்று 1998இல் எழுதியிருக்கிறார்; அது நம் காதுக்கு எட்டும் ஒலிக்குச் சற்றுக் கீழே நிற்பது. எங்கள் விசிறியின் அதிர்வை அளக்க என்னிடம் கருவி இல்லை. வளைந்திருந்த இறக்கையை மாற்றினோம், நடுக்கம் நின்றது.

ஆபரேட்டர் அறைதான் உண்மையில் என்னை நிறுத்திவைத்தது. காடி வாடைக்குக் காரணம் ஒரு தகரப் பெட்டியில் கிடந்த பழைய ரீல்கள். அசிடேட் பிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகும். நாம் சமையலுக்கு வாங்கும் வினிகரில் இருப்பதும் அதுதான். ஆனால் கரியால் எழுதப்பட்ட அந்தச் சுவரை வாடையைப் போல எளிதாகப் புரிந்துகொள்ள முடியவில்லை. இடப்புறம் வட்டம், சதுரம், முக்கோணம் என இரண்டிரண்டு உருவங்கள். நடுவில் 1800–20, 1710–19, 1620–18 என்று எண் இணைகள். வலப்புறம், படிப்பவரைத் திடுக்கிட வைக்கும் வாக்கியங்கள். “கிழவி திரும்பிப் பார்ப்பாள். அப்போது விடு.” “மூன்றாம் மணி. கதவு சாத்தும். விடு.” துப்புரவுப் பெண்கள் அஞ்சியதில் வியப்பில்லை.

எண்கள் முதலில் வழிவிட்டன. எந்த இணையை வகுத்தாலும் 90 வந்தது. 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 படச்சட்டங்கள். நொடிக்கு 24 சட்டங்கள் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. இறந்துபோன அந்த ஆபரேட்டர் ஒவ்வொரு ரீலின் நீளத்தையும் அது ஓடும் நேரத்தையும் குறித்துவைத்திருக்கிறார். கார்பன் குச்சி எரிந்து வெளிச்சம் தந்த காலத்தில், ரீல் முடியும்வரை குச்சி தாங்குமா என்று அவர் முன்கூட்டியே அறிந்தாக வேண்டும். தகரப் பெட்டியிலிருந்த பிலிம் துண்டு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தபோது, துளைகளின் ஓரமாக அதே சதுரமும் முக்கோணமும் நுண்ணியதாக அச்சாகியிருந்தன. கோடக் நிறுவனம் பிலிம் தயாரான ஆண்டைக் குறிக்க இட்ட அடையாளங்கள் அவை. பழைய முறையில் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே உருவங்கள் திரும்பிவரும். பழைய ஈஸ்ட்மன் கலர் பிரிண்டில் நீலப்பச்சைச் சாயம் மங்கிப் படம் சிவந்துபோகும் என்பதால், சில உருவங்களுக்கு அருகே அவர் “சிவப்பு” என்றும் எழுதியிருந்தார்.

வாக்கியங்களின் பொருள் அதற்குப் பிறகே பிடிபட்டது. ஒரு ரீல் முடிந்ததும் அடுத்த ரீல் இன்னொரு புரொஜக்டரில் தொடரும்; அப்படி மாறும் நேரத்தை அறிவிக்க, ரீல் முடிவில் திரையின் வலது மேல் மூலையில் இருமுறை சிறு வட்டம் தோன்றும். முதலாவது ஏறத்தாழ எட்டு நொடிக்கு முன், இரண்டாவது மாற்றும் கணத்தில். ஊர் ஊராக ஓடி வந்த பிரிண்ட்களில் ரீலின் கடைசி அடிகள்தாம் முதலில் கிழியும். வெட்டி ஒட்டும்போது வட்டங்களும் போய்விடும். வட்டம் இல்லாத ரீல்களுக்கு அவர் காட்சியையே அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கிறார். கிழவி திரும்பும் அந்தக் கணத்தில் அடுத்த எந்திரத்தின் ஒளியை மறைத்திருக்கும் தகட்டைத் திறந்துவிட வேண்டும். தாமதித்தால் அரங்கம் முழுவதும் வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்துக் கூச்சலிடும். பார்வையாளர் யாரும் அறியாதபடி தம் வேலையை முடிக்க ஒரு மனிதர் எடுத்துக்கொண்ட இத்தனை அக்கறையை, அவர் இறந்தபின் ஊர் செய்வினை என்று வாசித்தது எனக்குத் தாங்க முடியாத அநீதியாகவே பட்டது.

துப்புரவுப் பெண்களை ஒரு பகலில் மேலே அழைத்துவந்து, பிலிம் துண்டைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு வரியாக விளக்கினேன். அவர்களில் மூத்தவர், “அந்த அண்ணன் இத்தன கணக்கு வெச்சிருந்தாராங்க?” என்று கேட்டுவிட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். மறுவாரம் முதல் மாலை வேலைக்கும் வந்தார்கள். சுவர் முழுவதையும் ஒரு நோட்டில் படியெடுத்து, பக்கத்திலேயே பொருளும் எழுதி, ஆபரேட்டரின் மகளிடம் கொடுத்தேன். சுண்ணாம்பு அடிக்க வந்தவர்களிடம் மற்ற மூன்று சுவர்களை மட்டும் முடிக்கும்படி உரிமையாளரே சொல்லிவிட்டார்.