பெட்டி ஓரத்தில் இருந்த ஓர் ‘எஃப்’

இரவு பதினொன்றரைக்கு பட்டனை அழுத்தினேன். காற்றாடிகள் சுற்றின, மதர்போர்டில் விளக்கு எரிந்தது, கேபினட் லேசாக உறுமியது. திரை மட்டும் கறுப்பு. ‘சிக்னல் இல்லை’ என்று ஒரு வரி வந்து, பிறகு அதுவும் அணைந்துவிட்டது. அடுத்த மூன்று நாளும் அதேதான். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, ஆனால் அந்த மூன்று நாள் போன போக்கை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. படம் வரைவதற்காக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் யாரும் இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

நான் விழுப்புரத்தில் இருந்துகொண்டு குழந்தைகள் புத்தகங்களுக்கு வரைகிறேன். நான்கு வருடம் 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் ஓட்டினேன். எதிரெதிர் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரையும் படம் ஏ3 அளவு. 300 டிபிஐயில் அது 3508க்கு 4961 பிக்சல். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரையும் லேயர்களில், முழுதாக நிரம்பிய ஒரு லேயர் மட்டும் கிட்டத்தட்ட 70 எம்பி நினைவகத்தைப் பிடிக்கும். எனக்கு ஒரு படத்துக்கு எழுபது எண்பது லேயர் ஆகும், அப்புறம் அன்டூ செய்வதற்காக அது சேர்த்து வைத்திருப்பது வேறு. கோடு இழுத்தால் அரை நொடி கழித்துத்தான் திரையில் வரும். அப்படி வரும் கோட்டில் கையின் ஓட்டம் இருக்காது.

நிறம் அதைவிடப் பெரிய தொல்லை. விலை குறைந்த பல லேப்டாப்களில் இருக்கும் அந்த 45 சதவீத என்டிஎஸ்சி திரையில், அதாவது குறைவான நிறங்களையே காட்டக்கூடிய திரையில், சிவப்பெல்லாம் வெளிறித்தான் தெரியும். போதவில்லை என்று நான் கூட்டிக் கூட்டி வைத்த சிவப்பு, அச்சாகி வந்த புத்தகத்தில் முகத்தில் அடித்தது. பாட்டியின் சுங்குடிச் சேலை தீயணைப்பு வண்டி நிறத்தில் இருந்தது. பதிப்பகத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு அந்தப் பக்கத்தைத் திறக்கவே மனம் வருவதில்லை.

அதனால் 2023 ஆகஸ்டில் எழுபதாயிரம் ரூபாய் சேர்ந்ததும் பட்டியல் போட்டேன். முதல் பணம் மானிட்டருக்கு: 24 அங்குலம், ஐபிஎஸ், எஸ்ஆர்ஜிபி நிறவெளியை (திரைகளுக்கான பொதுவான நிற வரம்பு) முழுதாகக் காட்டுவது. அடுத்து ரேம், 16 ஜிபி இரண்டு. அப்புறம் ப்ராசஸர், இன்டெல் ஐ5-12400. நான்கு ரேம் ஸ்லாட் உள்ள பி660 மதர்போர்டு. கோப்புகளைச் சேமிக்க ஒரு டெராபைட் எம்.2 எஸ்எஸ்டி. கிராபிக்ஸ் கார்டு கிடையாது.

கடைசி வரியைப் பார்த்துத்தான் எல்லோரும் புருவம் உயர்த்துகிறார்கள். கிருத்தா, க்ளிப் ஸ்டூடியோ மாதிரி இருபரிமாணம் வரையும் மென்பொருள்களில் தூரிகைக் கணக்கின் பெரும்பகுதி ப்ராசஸரில் நடக்கிறது. கேன்வாஸைப் பெரிதாக்கவும் சுழற்றவும்தான் கிராபிக்ஸ் வேண்டும், அதற்கு 12400க்கு உள்ளேயே இருக்கும் யூஎச்டி 730 போதும். ப்ளெண்டரில் முப்பரிமாணம் செய்பவர்களுக்கும் வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கும் கணக்கு வேறு. எனக்கு அது தேவையில்லை. கார்டுக்குப் போகும் இருபதாயிரம் மானிட்டருக்குப் போகட்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன், இப்போதும் இருக்கிறேன்.

முதல் முறை சென்னை போனது ஞாயிற்றுக்கிழமை. எழும்பூரில் இறங்கி, கம்ப்யூட்டர் பாகக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனால் ஷட்டர் வரிசைதான் வரவேற்றது. இரண்டு மூன்று கடை தவிர எல்லாம் மூடி. வெளியூர்க்காரர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்: வாரநாளில், பதினொரு மணிக்கு மேல் போங்கள்.

இரண்டாம் முறை வியாழக்கிழமை. நான்கு கடை ஏறி இறங்கி, விலை கொஞ்சம் குறைவாகச் சொன்ன ஒரு கடையில் உட்கார்ந்தேன். கவுன்டரில் இருந்தவர் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, “தம்பிக்கு கேமிங்கா மேடம்?” என்றார். எனக்குத்தான், படம் வரைய என்றேன்.

“டிராயிங்னா கிராபிக்ஸ் கார்டு இல்லாம எப்படி மேடம்? பேர்லயே கிராபிக்ஸ் இருக்கே!”

பட்டியலைத் திருத்தியும் காட்டினார். ரேமை 8 ஜிபி ஆக்கி, மானிட்டரை மலிவாக்கி, மிச்சத்தில் 4 ஜிபி கார்டு ஒன்று. நான் எதற்காகப் பழைய லேப்டாப்பை விட்டு ஓடிவந்தேனோ அதே இரண்டு குறையையும் புதிதாகக் காசு கொடுத்து வாங்குவதுபோல இருந்தது. முடியாது என்றேன். பி660க்குப் பதில் எச்610 மதர்போர்டு மலிவு என்றார். அதில் ரேம் ஸ்லாட் இரண்டுதான், நாளைக்குக் கூட்ட வழியில்லை, அதையும் மறுத்தேன். கேபினட்டோடு ‘450 வாட்ஸ்’ எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) இலவசம் என்றார். பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸில் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் வாட்ஸை நம்ப முடியாது. எங்கள் தெருவில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதில் ஃப்ரிட்ஜே ஒருமுறை போயிருக்கிறது. 80 ப்ளஸ் ப்ரான்ஸ் (வெண்கலம்) முத்திரையும் வாரன்டியும் உள்ள 550 வாட்ஸ் ஒன்றைத் தனியாக எடுத்தேன். 80 ப்ளஸ் என்பது எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் போய்ச் சேர்கிறது என்பதற்கான அளவுதான், தரச்சான்றிதழ் இல்லை. அதனால் வாரன்டி எத்தனை வருடம் என்றும் சேர்த்துப் பாருங்கள்.

இவ்வளவு கேட்ட நான், கடைசி அரைமணி நேரத்தில் கோட்டை விட்டேன். கடைக்காரர் கொட்டேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ‘ஐ5 12400’ என்று தெளிவாக இருந்தது. “இதில் தனி கார்டு போடாமல் டிஸ்ப்ளே வரும்தானே?” என்று அதன் கீழேயே கேட்டேன். “வரும் மேடம்” என்று பதில் போட்டார். சாப்பிட்டு வாருங்கள், ப்ராசஸர் குடோனில் இருந்து வர வேண்டும் என்றார். திரும்பி வந்தபோது எல்லாப் பெட்டியும் ஒரே அட்டைப்பெட்டிக்குள் டேப் ஒட்டித் தயாராக இருந்தது. ரயிலுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. பணத்தைக் கொடுத்து, பில்லை மடித்துப் பையில் வைத்து, ஆட்டோ பிடித்துவிட்டேன்.

அசெம்பிள் செய்வது பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை, மூன்று மணி நேரத்தில் முடிந்தது.

அப்புறம்தான் அந்தக் கறுப்புத் திரை. ரேமைக் கழற்றி ஒன்றொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கேபிள் மாற்றினேன். மானிட்டரை லேப்டாப்பில் இணைத்தால் படம் வந்தது, ஆக மானிட்டர் நலம். போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டு மாட்டினேன். போர்டு ஓரத்தில் ‘விஜிஏ’ என்று எழுதிய சின்ன விளக்கு ஒன்று எரிந்துகொண்டே இருந்தது. பழைய நீல நிற விஜிஏ கேபிள் மாட்டவில்லை என்று சொல்கிறது போல என நினைத்து அதை விட்டுவிட்டேன். உண்மையில் பதில் அந்த விளக்கில்தான் இருந்தது. கிராபிக்ஸ் எதுவும் கிடைக்கவில்லை என்று அர்த்தம் அதற்கு.

இதோடு இன்னொரு குழப்பமும் சேர்ந்தது. பேனாவால் திரையிலேயே நேரடியாக வரையும் என் பென் டிஸ்ப்ளேயை லேப்டாப்பில் ஒரே ஒரு யூஎஸ்பி-சி கேபிளில் ஓட்டிப் பழக்கம். அதே கேபிளைப் போர்டின் பின்பக்க யூஎஸ்பி-சியில் செருகினேன். அதிலும் படம் இல்லை. இரண்டு திரையும் வரவில்லை என்றால் போர்டுதான் செத்துவிட்டது என்று முடிவே செய்துவிட்டேன். ஆனால் இந்த இரண்டுக்கும் ஒன்றோடு ஒன்று சம்பந்தமே இல்லை. டெஸ்க்டாப் போர்டுகளில் இருக்கும் யூஎஸ்பி-சி பெரும்பாலும் டேட்டாவுக்கு மட்டும்தான், படம் அனுப்பாது. பென் டிஸ்ப்ளே வைத்திருப்பவர்கள் எச்டிஎம்ஐ, யூஎஸ்பி, மின்சாரம் மூன்றும் பிரியும் அந்த மூன்று தலைக் கேபிளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என்னுடையது பரணில் கிடந்தது.

மூன்றாம் நாள் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் போனேன். அவர் ஸ்க்ரூட்ரைவரைக் கையில் எடுக்கவே இல்லை. விளக்கைப் பார்த்தார். “அக்கா, ப்ராசஸர் பெட்டி இருக்கா?” என்றார். நல்லவேளையாகக் கொண்டுபோயிருந்தேன். பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த லேபிளில் விரலை வைத்துக் காட்டினார். 12400எஃப்.

எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லாதது. தனி கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் என்று பெட்டியிலேயே ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. தன்னிடம் கிடந்த பழைய கார்டு ஒன்றை அவர் செருகினார், பட்டனை அழுத்தினார், திரை வெளிச்சமானது. என் கண் கலங்கிவிட்டது. அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். டீ மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

ஆக, வாங்கும்போது எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் வாசியுங்கள். இன்டெலில் எஃப் இருந்தால் படம் வராது, கேஎஃப் என்றாலும் அப்படியே. ஏஎம்டியில் பழைய 5000 வரிசையில் தலைகீழ்: ரைசன் 5 5600ல் கிராபிக்ஸ் இல்லை, 5600ஜியில் உண்டு. 7000 வரிசை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் சின்னதாக ஒன்று உள்ளேயே வருகிறது, ஆனால் 7500எஃப் போன்ற எஃப் வகையில் இல்லை.

மறுநாள் மறுபடி எழும்பூர். கடையில் நான் எதிர்பார்த்த பதில்தான் வந்தது. “சீல் உடைச்சுட்டா ரிட்டர்ன் கிடையாது மேடம். பில்லுல எஃப்-னுதானே போட்டிருக்கு, பாருங்க.” பார்த்தேன். போட்டிருந்தது, பொடி எழுத்தில். விலை மட்டும் கொட்டேஷனில் எஃப் இல்லாத ப்ராசஸருக்குச் சொன்ன அதே விலை. ஐந்நூறு ரூபாய் குறைத்துத் தருகிறேன், ஒரு கார்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். களைப்பில் ஒரு நிமிடம் அதற்கே சம்மதித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்போதுதான் வாட்ஸ்அப்பைத் திறந்தேன். கொட்டேஷன், என் கேள்வி, ‘வரும் மேடம்’. மூன்றையும் ஒரே திரையில் காட்டி, “நீங்க எழுதிக் கொடுத்த பொருள் இது, கொடுத்த பொருள் அது. முதலாளியைக் கூப்பிடுங்க, இல்லைன்னா இங்கே நின்னே 1915க்கு போன் போடுறேன்” என்றேன். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். குரல் நடுங்கியது, ஆனாலும் சொல்லிவிட்டேன். உள்ளே இருந்து வயதானவர் ஒருவர் வந்தார். போனை வாங்கி நிதானமாகப் படித்தார். கவுன்டர்காரரை ஒரு பார்வை பார்த்தார், என்னிடம் ஒன்றும் வாதாடவில்லை. ப்ராசஸரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாத்திக் கொடுப்பா” என்றார். தவறுதலாக நடந்ததா, தெரிந்தே செய்தார்களா, எனக்குத் தெரியாது. மன்னிப்பு என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்த முறை அவசரப்படவில்லை. பெட்டியில் 12400 என்று படித்தேன், பின்னால் எழுத்து இல்லை என்று உறுதி செய்தேன், புதிய பில்லிலும் அதையே வாசித்தேன். அவர்கள் பெஞ்சில் இருந்த போர்டில் போட்டு, கார்டு இல்லாமல் படம் வருகிறதா என்று காட்டச் சொன்னேன். முகத்தைச் சுளித்தார்கள், ஆனால் காட்டினார்கள். வெளியூரில் இருந்து வருபவர்கள் இதைக் கேட்கத் தயங்கவே வேண்டாம்.

போர்டை எதற்காவது திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால் ஒன்று முக்கியம்: ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டின் மேல் வரும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியை எறியாதீர்கள். அந்த சாக்கெட்டில் 1700 மெல்லிய ஊசிகள் இருக்கின்றன. மூடி இல்லாமல் வரும் போர்டை வாரன்டியில் எடுக்கத் தயங்குகிறார்கள்.

வீட்டுக்கு வந்து மாட்டியதும் முதல் அழுத்தலிலேயே படம் வந்தது. மானிட்டர் டிஸ்ப்ளேபோர்ட்டில், பென் டிஸ்ப்ளே எச்டிஎம்ஐயில். போர்டு எடுக்கும்போது இந்த இரண்டு துளையும் பின்னால் இருக்கிறதா என்று பார்த்து எடுத்தது நல்லதாகப் போயிற்று. பேனா இங்கே தொட்டால் குறி அங்கே நகர்ந்தது, டிரைவரில் எந்தத் திரை என்று தேர்ந்தெடுத்ததும் சரியாகிவிட்டது.

பிறகு அந்தப் பாட்டியின் பக்கத்தைத்தான் முதலில் திறந்தேன். எண்பத்திரண்டு லேயர். பேனா போன இடத்திலேயே கோடு வந்தது. சேலையின் சிவப்பு, அச்சில் பார்த்த அதே கொடுமையோடு, இந்தத் திரையிலும் அப்படியே தெரிந்தது. உட்கார்ந்து சுங்குடிப் புள்ளிகளைத் தவிர்த்து துணி முழுவதிலும் நிறத்தைக் குறைத்தேன், அரக்குச் சிவப்பு வரும்வரை. விடியற்காலை இரண்டு மணி. மறுபதிப்புக்கு அந்த ஒரு பக்கத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று பதிப்பகத்துக்கு எழுதியிருக்கிறேன்.