அம்மாவின் நேர்த்தியும் காட்டு வழிக் கதிர்காமமும்

கதிர்காமத்துக்குக் காட்டு வழியே நடந்து வருவேன் என்று அம்மா நேர்த்தி வைத்தது 1990இல். அண்ணாவை விசாரணைக்கென்று ஒரு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் வீடு முழுக்கச் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்த நேரம் அது. அண்ணா திரும்பி வந்தார். முருகன் தன் வேலையை முடித்துவிட்டான், அம்மாவின் வேலைதான் பாக்கி நின்றது. அந்தக் காட்டு வழி போகிற குமனைப் பூங்கா 1985இலிருந்து 2003 வரை மூடிக் கிடந்தது. அந்த நாட்களில் அந்தப் பக்கம் தலைவைக்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் துணிவில்லை. காடு திறந்தபோது நாங்கள் கனடாவில் இருந்தோம். பிறகு அம்மாவின் முழங்கால் இரண்டும் போய்விட்டன.

வாகனத்தில் போய்க் கும்பிட்டாலும் முருகன் ஏற்றுக்கொள்வான் அம்மா என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. "வாகனத்தில வாறனெண்டா நான் அவனிட்டச் சொன்னன்?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்.

நேர்த்தி வைத்த அன்று மஞ்சள் துணியில் முடிந்த காசு, எங்கள் ஊரான கல்லாற்றில் வீட்டுச் சாமியறையிலிருந்து கொழும்புக்கும், அங்கிருந்து ஸ்கார்பரோவில் நாங்கள் மாறி மாறி இருந்த வாடகை வீடுகளுக்கும் எங்களோடேயே வந்தது. நெடுங்காலத்துக்குப் பிறகு நான் ஊருக்குப் போகிறேன், அதுவும் கதிர்காமத்து ஆடிவேல் திருவிழா நேரத்தில் நிற்பேன் என்றதும், அம்மா ஒன்றும் பேசாமல் அதை எடுத்து வந்து என் கையில் வைத்தார். துணியில் மஞ்சளே இல்லை. காசு பட்ட இடம் மட்டும் பச்சை பிடித்திருந்தது.

ஊரில் பெரியம்மா இருக்கிறார். வருடம் தவறாமல் காட்டால் நடக்கிறவர், எழுபது தாண்டிவிட்டார். எனக்குக் காடு புதிதில்லை என்று அவரிடம் கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன். கோடையில் அல்கொன்குவின் பூங்காவில் கூடாரம் அடித்துத் தங்குகிற ஆள் நான், முதுகுப் பை, விசேஷ சப்பாத்து எல்லாம் உண்டு. பெரியம்மா என் பையைத் தூக்கிப் பார்த்தார். "இதை ஆர் சுமக்கிற மகள்?" என்றார். பாதிச் சாமான் கல்லாற்றிலேயே நின்றுவிட்டது. அவர் கட்டியது ஒரு உரைப்பை: அரிசி, பருப்பு, அவல், சீனி, பொரிமா, ஒரு பானை, தண்ணீர் தெளிய வைக்கத் தேத்தாங்கொட்டை, மாற்றுச் சேலை ஒன்று. அதைத் தலையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார்.

யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து நடந்து வருகிறவர்கள் எங்களுக்கு வாரக்கணக்கில் முன்பே புறப்பட்டிருந்தார்கள். கறுத்து, மெலிந்து, கண் மட்டும் பளபளக்க வந்தார்கள். நாங்கள் திருக்கோவில் சித்திரவேலாயுதரைக் கும்பிட்டுவிட்டு அவர்களோடு சேர்ந்துகொண்டோம். பொத்துவில், பாணமை எல்லாம் தார் ரோட்டு நடை, சொல்ல ஒன்றுமில்லை, கால் வெந்ததைத் தவிர. அறுகம்குடாவில் அலைச்சறுக்குப் பலகையோடு நின்ற வெள்ளைக்காரர்கள் எங்களைப் படம் எடுத்தார்கள். எடுக்கட்டும்.

உகந்தையில்தான் காட்டு வாசல். கடலோரப் பாறைக்குக் கீழே முருகன், பாறை உச்சியில் சுனைகளுக்குப் பக்கத்தில் வள்ளியம்மை. அந்த இடத்தின் அமைதியைப் பற்றி அம்மா சொல்லிச் சொல்லியே நான் வளர்ந்தேன். நான் போன அன்று அமைதி மருந்துக்கும் இல்லை. சனம் நிலத்துக்கு இடமில்லாமல் படுத்திருந்தது. ஒலிபெருக்கி ஒன்று இரவு முழுக்கக் காணாமற்போனவர்களின் பெயரைக் கூப்பிட்டது, அந்த இடைவெளியில் பக்திப் பாட்டு. பெயர் பதிகிற இடத்தில் வரிசை என்ற ஒன்றே இல்லை. என் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு, "வெளிநாட்டுக்காரருக்கு இது சரிவராது, ஜீப்பில போங்க அக்கா, நான் பேசித் தாறன்" என்று ஒரு தம்பி மூன்று தடவை வந்து கேட்டுவிட்டான். நாலாவது தடவை பெரியம்மா எழும்பி நின்றார். அதோடு அவனைக் காணவில்லை.

விடியப் புறம் இருட்டோடு வாசல் கடந்தோம். "அரோகரா" என்ற ஒரே சத்தம். அந்த நிமிடம் உடம்பு முழுக்க மயிர் கூச்செறிந்தது, இப்போது எழுதும்போதும் அப்படித்தான். உள்ளே போய்விட்டால் ஒருவருக்கும் பெயர் இல்லை, எல்லாரும் சாமி. "சாமி, முள்ளு." "சாமி, கொஞ்சம் தண்ணி." பத்து வயதுப் பையனும் சாமி, ஊன்றுகோலோடு வருகிற கிழவரும் சாமி. முதலில் கொஞ்சத் தூரம் கடல் இரைச்சல் இடதுபக்கம் கூடவே வந்தது. பிறகு அதுவும் விட்டுப்போக, மணலும் முள்ளும் வெயிலும்தான். என் விசேஷ சப்பாத்துக்குள் மணல் புகுந்து புகுந்து அதைச் சுமக்கிற வேலையே பெரிதாகிவிட்டது. கழற்றி முதுகில் கட்டிக்கொண்டு பாட்டா செருப்போடு நடந்தேன்.

ஆனிக் கடைசி, ஆடி என்றால் அந்தக் காட்டில் பாலைப்பழக் காலம். மஞ்சளாக, கச்சான் பருப்பு அளவில் இருக்கும். அவ்வளவு இனிப்பு. தின்றால் உதடு இரண்டும் பாலில் ஒட்டிக்கொள்ளும், பேச வாய் திறக்க முடியாது. எங்களைப் போலவே கரடிக்கும் அந்தப் பழம் என்றால் உயிர்.

வெயில் ஏறத் தொடங்கிய நேரம். முன்னால் போன சாமி கையை உயர்த்தினார். அப்படியே எல்லாரும் நின்றோம். பாதையிலிருந்து முப்பது முழம்கூட இருக்காது, ஒரு பெரிய பாலை மரம், அதன் மேல் கறுப்பாக ஒரு உருவம். கொப்பை வளைத்து வளைத்து உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. முறிந்த கொப்புகள் கீழே விழுந்துகொண்டிருந்தன. அல்கொன்குவினில் கரடிக்குப் பயந்து சாப்பாட்டை மரத்தில் கட்டித் தொங்கவிடுவோம். இங்கே மரத்தில் கரடியே தொங்கியது.

கனடாவில் படித்ததெல்லாம் ஒரு நொடியில் தலைக்குள் ஓடியது: ஓடாதே, முதுகு காட்டாதே, உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டு. பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அந்தப் பிடி இரும்பு. கரடிக்கு எங்கள் மணம் பட்டுவிட்டது. பின்பக்கமாக, நகம் பட்டையைக் கிழிக்க, சரசரவென்று இறங்கியது. நிலத்தில் கால் வைத்ததும் பின்னங்காலில் எழும்பி நின்று பார்த்தது. நெஞ்சில் வெள்ளைப் பிறை நன்றாகத் தெரிந்தது. பின்னால் எங்கேயோ ஒரு குழந்தை அழத் தொடங்கி, உடனே யாரோ வாயைப் பொத்தியது கேட்டது. முருகா என்று வாய்விட்டுச் சொல்லக்கூட எனக்கு வரவில்லை, பாலைப்பழம் உதட்டை ஒட்டிவிட்டிருந்தது! அப்போது பெரியம்மா, கோயிலில் சொல்வதுபோலவே, அவசரப்படாமல், "வேல் முருகனுக்கு" என்றார். அத்தனை பேரும் "அரோகரா" என்றோம். கரடி பற்றைக்குள் திரும்பிப் போய்விட்டது. அங்கே நின்ற எவரைக் கேட்டாலும் முருகன் போகச் சொன்னான் என்பார்கள். நானும் அதைத்தான் சொல்வேன்.

குமுக்கன் ஆற்றுக்கு வந்து சேர்ந்தபோது பின்னேரம். இரு கரையிலும் மருத மரங்கள், பத்துப் பேர் கைகோர்த்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடி, அதன் கீழே குளிர்ச்சி. முதலை உண்டு, கரையோடேயே குளியுங்கள் என்று சொல்லிவைத்திருந்தார்கள். ஆறு கடந்தால் யால காடு. இடுப்பளவு தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடந்தோம். அக்கரையில் ஏறி மடியைத் தடவினேன். முடிச்சு இருந்தது, ஆனால் துணி நனைந்ததும் நூல்நூலாகப் பிரிந்து, காசு என் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது.

ஐந்து ரூபாய்க் குற்றி. தடித்த பித்தளை, ஓரமெல்லாம் களிம்பு. பெருவிரலால் தேய்த்தேன், 1986 என்று தெரிந்தது. இன்றைக்கு அதற்கு ஒரு டொபிகூடத் தரமாட்டார்கள். அன்றைக்கு அம்மாவிடம் வேறு காசே இருக்கவில்லை என்று பெரியம்மா அந்த மணலில் உட்கார்ந்துதான் எனக்குச் சொன்னார். அண்ணாவைத் தேடி முகாமுக்குப் போய்வர பஸ்ஸுக்கு வைத்திருந்த காசாம் அது. அதை முடிந்துவிட்டு அம்மா நடந்தே போனாராம். இதை அம்மா ஒருநாளும் எங்களிடம் சொன்னதில்லை. பெரியம்மா தன் காவிச் சேலைத் தலைப்பில் ஒரு துண்டைப் பல்லால் கடித்துக் கிழித்து, பையிலிருந்த மஞ்சளைத் தண்ணீரில் குழைத்துத் தோய்த்து, காசைத் திரும்ப முடிந்து தந்தார். பழைய துணியையும் சேர்த்துத்தான் முடிந்தார். நான் அழுதேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, அந்தக் காட்டில் அழுகிறவர்கள் அதிகம்.

அதற்கு அங்கால் நாவலடி, வியாழை, கட்டகாமம். வரிசைப்படி சொல்ல எனக்கு நினைவில்லை, தாகம்தான் நினைவிருக்கிறது. சில இடங்களில் தாங்கி வைத்துத் தண்ணீர் தந்தார்கள், தந்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும். இல்லாத இடத்தில் மணலைத் தோண்டி ஊற்றுக்குக் காத்திருந்தோம், கலங்கல் தண்ணீரில் பெரியம்மா தேத்தாங்கொட்டையை உரைத்தார். ஒரு மத்தியானம் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் சமைத்துக்கொண்டிருந்த ஒரு சிங்கள ஆச்சி, தன் பேரனுக்கு வைத்திருந்த கஞ்சியை எனக்குப் பருக்கினார். நான் தமிழில் நன்றி சொன்னேன், அவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார், பிறகு இருவரும் "ஹரோ ஹரா" என்றோம். அந்த ஆச்சியின் முகத்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும்: பாதை நெடுக பிஸ்கட் உறை, தண்ணீர்ப் போத்தல், சம்போ பைக்கற். அவன் வீட்டு முற்றம் அது. அரோகரா சொல்கிற வாய்க்குக் குப்பையைப் பைக்குள் போடச் சொல்லத் தெரியாதா?

காட்டை விட்டு வெளியே வந்தால் கதிர்காமம் ஒரு சந்தை. கரடி தேவலை. பழத்தட்டுக் கடைக்காரர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள், "அக்கா செருப்பு இங்க வையுங்க, தட்டு இங்க எடுங்க" என்று. ஓட்டோக்காரர் வேறு. கனடாக் காசு என்னில் மணக்கிறதோ என்னவோ, தங்குமிடத்தில் பெரியம்மாவிடம் ஒரு வாடகையும், நான் வாய் திறந்த பிறகு வேறொரு வாடகையும் சொன்னார்கள். மாணிக்க கங்கையில் இறங்கி முழுகியபோதுதான் கோபம் எல்லாம் போனது. தோலில் ஏறியிருந்த காடு முழுக்க அந்தத் தண்ணீரோடு இறங்கியது.

கோயிலுக்குள் தள்ளுமுள்ளு. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த தட்டுகள், அன்னாசிப்பழ வாசம், கற்பூரப் புகை, யாருடையதோ வியர்வை என் தோளில். மணி அடிக்கத் தொடங்கியது. வாயைத் துணியால் கட்டிய கப்புறாளை, அதுதான் அங்கே பூசை செய்கிறவர், திரையை விலக்காமல் ஓரமாக உள்ளே போனார், வந்தார். திரையில் மயில் மேல் முருகன், இரு பக்கமும் வள்ளி தெய்வானை. அவ்வளவுதான் எங்களுக்குக் காட்சி, அதற்கு அங்கால் என்ன என்று யாரும் பார்ப்பதில்லை.

நான் கேட்க வேண்டியவற்றை ஒரு பட்டியலாகவே மனதில் வைத்திருந்தேன். மகனின் படிப்பு, வீட்டுக் கடன், அம்மாவின் உடம்பு. ஒன்றும் வரவில்லை. கரடிக்கு முன்னால் நின்றபோது இருந்த அதே நடுக்கம் காலில். அம்மாவின் பெயரைச் சொன்னேன். "வந்துட்டா" என்றேன். நான் வந்திருக்கிறேன் என்றல்ல, அவர் வந்துவிட்டார் என்று. ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. பின்னால் நின்ற ஆள் இடித்ததில் திரைக்கு மிகக் கிட்டப் போய்விட்டேன், துணி முகத்தில் பட்டு விலகியது. முருகா, அந்த ஒரு நொடிக்கு நான் எத்தனை பிறவி நடக்கலாம்! முடிச்சை அப்படியே உண்டியலில் போட்டேன். கப்புறாளை நெற்றியில் திருநீறு வைத்துத் தள்ளிவிட்டார். வெளியே வந்து தேங்காய் உடைத்தோம். தெய்வானையம்மன், வள்ளியம்மன், செல்லக்கதிர்காமத்துப் பிள்ளையார் என்று எல்லா இடமும் கும்பிட்டோம். கதிரமலைக்கு மட்டும் பெரியம்மா என்னை ஏற விடவில்லை. என் காலில் அவ்வளவு கொப்புளம், அவர் காலில் ஒரு கீறல்கூட இல்லை.

அங்கிருந்தே அம்மாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். ஸ்கார்பரோவில் நடுச்சாமம், விழித்துக்கொண்டுதான் இருந்தார். நெற்றியைக் காட்டச் சொன்னார், காட்டினேன். காலைக் காட்டச் சொன்னார், காட்டினேன். முகாமுக்கு நடந்து போன கதையைக் கேட்டேன். "அவளுக்கு வாய் சும்மா கிடக்காது" என்று பெரியம்மாவை ஏசினார். பிறகு கையைக் கூப்பிக்கொண்டு நெடுநேரம் அழுதார். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, அண்ணாவின் மகளுக்குக் கலியாணம் சரிவர வேண்டுமென்று போன மாதம் இன்னொன்று முடிந்து வைத்திருப்பதாகவும், அதுவும் காட்டு வழிதான் என்றும், பெரியம்மாவோடு இப்போதே கதைத்து வைத்துக்கொள்ளும்படியும் சொன்னார்.