தாளில் 7 பார், கேஜில் 3 பார்

சிங்கப்பூரின் தொழிற்பேட்டையான துவாஸில் ஒரு உணவுத் தொழிற்சாலைக்குப் புது ஸ்டீம் லைன், அதாவது நீராவிக் குழாய், போட்டு முடித்தாயிற்று. ஆனால் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை.

அவர்கள் அனுப்பிய தாளில் ஸ்டீம் பிரஷர் 7 பார் (பார் என்பது அழுத்த அளவு), தேவை மணிக்கு 2 டன் என்று இருந்தது. அந்தக் கணக்குக்கு 80 மி.மீ. பைப் போதும், வேகம் விநாடிக்கு 28 மீட்டர்தான். அவர்களே பைப்பை வாங்கி இறக்கியும் விட்டார்கள்.

பாய்லரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றால், "எல்லாம்தான் தாளில் இருக்கே!" என்று அலுவலகத்தில் தட்டிக்கழித்தார்கள். துவாஸ் வரை போய் வாசலோடு திரும்பியதும் உண்டு. கடைசியில் பாய்லர் பார்க்கும் அண்ணன்தான் உள்ளே கூட்டிப் போனார். பிரஷரைக் காட்டும் கேஜில் முள் 3-இல் நின்றது.

"7 பாரா? அது பாய்லர் வாங்கினப்போ எழுதினது தம்பி. சமையல் கெட்டில் மூணரைக்கு மேல தாங்காது. நான் எப்பவும் 3-லதான் ஓட்டுறேன்."

எனக்குப் பகீரென்றது. 7 பாரில் ஒரு கிலோ ஸ்டீம் 0.24 கன மீட்டர் இடம் பிடிக்கும். 3 பாரில் 0.46. அதே பைப்பில் வேகம் 54 மீட்டராகிவிடும். ஈர ஸ்டீமுக்கு 25, நல்ல உலர் ஸ்டீமுக்கு 40 என்பதே வழக்கமான வரம்பு. அதற்கு மேல் போனால் இரைச்சல், பிரஷர் இழப்பு, வளைவுகளில் அரிப்பு எல்லாம் வரும்.

பைப்பை மாற்றப் பணம் இல்லை என்று வாங்கும் பிரிவு கையை விரித்தது. சரி, பாய்லரையே 7-இல் ஓட்டுவோம், கெட்டிலுக்கு முன்னால் பிரஷரைக் குறைப்போம் என்றேன். பழைய வால்வுகளும், பைப்புகளை இணைக்கும் ஃபிளாஞ்சுகளும் தாங்குமா என்று அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் பார்த்துச் சரி என்ற பிறகே ஏற்றினோம். 80 மி.மீ. பைப் அப்படியே நின்றது! குறைக்கும் வால்வுக்கு அப்புறம் மட்டும் 100 மி.மீ.

அந்த வால்வுக்குப் பின்னால், பிரஷர் எகிறினால் தானே திறந்து ஸ்டீமை வெளியேற்றும் சேஃப்டி வால்வு வைக்காமல் விடவே கூடாது. குறைக்கும் வால்வு முழுதாகத் திறந்து மாட்டிக்கொண்டாலும், வரும் ஸ்டீம் மொத்தத்தையும் வெளியேற்றும் அளவில் அது இருக்க வேண்டும்.

மற்றபடி கிளை பைப்புகளை மெயின் பைப்பின் மேல்பக்கத்திலிருந்து எடுங்கள். 30 மீட்டர் லைன் 170 டிகிரியில் 50 மி.மீ. நீளும், அந்த நீட்சியைத் தாங்கும் வளைவான லூப்புக்கு இடம் விடுங்கள். படுக்கை லைனில் சைஸ் குறையும் இடத்துக்கு அடிமட்டம் சமமான எக்சென்ட்ரிக் ரிடியூசர் (ஒரு பக்கமாக மட்டும் சுருங்கும் இணைப்பு)தான் வேண்டும். எங்களுக்கு எல்லாப் பக்கமும் சமமாகச் சுருங்கும் சாதாரண ரிடியூசர் வந்தது. அதில் தண்ணீர் தேங்கி, ஸ்டீம் அதைத் தள்ளிப் பைப்பில் மோத வைக்கும் வாட்டர் ஹேமர் அடிக்கும் என்பதால், அன்றைக்கே லாரியில் திருப்பி ஏற்றிவிட்டேன்.